வாக்கியமாகக் கொடுத்தால் வேதிச் சமன்பாடு எழுத வரவில்லை

ஜூலை 3, இரவு 8.50 (கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா)

மகள் பத்தாம் வகுப்பு. சமன்பாட்டை எழுதிக் கொடுத்து ‘சமன் செய்க’ என்றால் மடமடவென்று போட்டுவிடுகிறாள். அதையே ‘அலுமினியம் ஹைட்ராக்சைடு சல்பியூரிக் அமிலத்துடன் வினைபுரிந்து அலுமினியம் சல்பேட்டையும் நீரையும் தருகிறது’ என்று வாக்கியமாகக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முக்கியமானதை எல்லாம் மனப்பாடம் செய்துவிடச் சொல்கிறார் தெரிந்த ஒருவர். எத்தனையைத்தான் மனப்பாடம் செய்வது? நான் பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவள், எனக்கும் சொல்லித்தர வரவில்லை சார்.

ஜூலை 3, இரவு 9.30 (குன்னூரிலிருந்து டியூஷன் சார்)

மனப்பாடம் வேண்டாம். அலுமினியம் சல்பேட்டின் வாய்பாட்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சமன்பாடு வேண்டாம், அம்புக்குறியும் வேண்டாம். என்ன எழுதினாள் என்று சொல்லுங்கள், மீதி காலையில்.

ஜூலை 4, காலை 6.15

நினைத்தபடிதான். ஒரு அலுமினியம், ஒரு சல்பேட் என்று எழுதியிருக்கிறாள்.

அப்படி எழுதிவிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் அந்தச் சமன்பாடு சமனாகாது. போட்டுப் பார்க்கலாம். அலுமினியமும் கந்தகமும் இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். ஹைட்ரஜன் இடது பக்கம் 5, அதனால் நீர் இரண்டரை வேண்டும். ஆக்சிஜன் இடது பக்கம் 7, அதில் 4 சல்பேட்டுக்குப் போக மீதி 3, அதனால் நீர் மூன்று வேண்டும். இரண்டரையும் மூன்றும் ஒன்றாக முடியாது. எதால் பெருக்கினாலும் இந்தச் சண்டை தீராது. பிள்ளை ‘எனக்குக் கணக்கு வரவில்லை’ என்று நினைத்துக்கொள்கிறாள். கணக்கில் ஒரு குறையும் இல்லை, வாய்பாட்டில்தான் கோளாறு.

அலுமினியத்தின் இணைதிறன் (மற்றவற்றோடு சேரப் பிடிக்கும் கைகளின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்) 3. சல்பேட்டுக்கு 2. இரண்டையும் குறுக்காக மாற்றிப் போட்டால் 2 அலுமினியத்துக்கு 3 சல்பேட். அலுமினியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடின் இணைதிறன் 1, அதனால் ஒரு அலுமினியத்துக்கு 3 ஹைட்ராக்சைடு. சல்பியூரிக் அமிலத்தில் 2 ஹைட்ரஜன், ஒரு சல்பேட்.

இப்போது சல்பேட்டைக் கந்தகம், ஆக்சிஜன் என்று உடைக்காமல் ஒரே கட்டாக எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அது உடையாமல் இருக்கிறதே, உடைத்து எண்ணுவது வீண் வேலை.

2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 சல்பியூரிக் அமிலம் → 1 அலுமினியம் சல்பேட் + 6 நீர்

வலது பக்கம் 2 அலுமினியம், அதனால் இடது பக்கம் 2. வலது பக்கம் 3 சல்பேட், அதனால் 3 அமிலம். ஹைட்ரஜன் 6 + 6 = 12, அதனால் 6 நீர். ஆக்சிஜனைத் தொடவே இல்லை. கடைசியில் சோதனைக்கு மட்டும் எண்ணினால் இரண்டு பக்கமும் 18. இந்தச் சோதனையை விடக் கூடாது. தொடாமல் விட்ட தனிமம் தானாகவே சரியாக வந்தால்தான் மற்றதெல்லாம் சரி.

ஜூலை 4, இரவு 10.05

காலையில் அவசரமாக எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி. குன்னூரில் என்னிடம் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளிடம் பல வருடமாகப் பார்ப்பது இது. சமன் செய்யத் தெரியாத பிள்ளைகள் குறைவு. வாக்கியத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் அதிகம். கேள்வி வாக்கியம் சில பொருட்களைச் சொல்லாமல் விட்டுவிடும், சமன்பாட்டுக்குள் வரக்கூடாத சிலவற்றைச் சொல்லியும் வைக்கும்.

விடுவதற்கு எடுத்துக்காட்டு: ‘மெக்னீசியம் நாடா கண்ணைக் கூசும் ஒளியுடன் எரிந்து வெண்ணிறச் சாம்பலைத் தருகிறது.’ இதில் ஆக்சிஜன் என்ற சொல் எங்கே? எரிகிறது என்பதற்குள் இருக்கிறது. சாம்பல் என்பது மெக்னீசியம் ஆக்சைடு. கூசும் ஒளி தேர்வுத்தாளில் அழகாக இருக்கும், சமன்பாட்டில் அதற்கு இடமில்லை. 2 மெக்னீசியம் + 1 ஆக்சிஜன் மூலக்கூறு → 2 மெக்னீசியம் ஆக்சைடு.

கூடுதலாகச் சொல்வதற்கு: ‘மாங்கனீசு டைஆக்சைடு முன்னிலையில் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து நீரையும் ஆக்சிஜனையும் தருகிறது.’ ஒரு பையன் மாங்கனீசை இடது பக்கம் எழுதிவிட்டான். வலது பக்கம் மாங்கனீசே இல்லை, அவனாகவே மாங்கனீசு ஹைட்ராக்சைடு என்று ஒன்றை உண்டாக்கிக் கடைசியில் சமனும் செய்துவிட்டான். திறமைசாலி. ஆனால் ‘முன்னிலையில்’ என்று வந்தால் அது வினைவேக மாற்றி, தான் செலவாகாமல் வினையின் வேகத்தை மட்டும் மாற்றும் பொருள், அம்புக்குறியின் தலைமேல் உட்காரும், இரண்டு பக்கமும் வராது. 2 பெராக்சைடு → 2 நீர் + 1 ஆக்சிஜன். அவ்வளவுதான்.

அப்புறம் தனியாகத் திரியாத ஏழு பேர்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். வாக்கியத்தில் இவை தனிமமாக வந்தால் இரட்டை அணுவாகத்தான் எழுத வேண்டும். இந்த ஏழை வேண்டுமானால் மனப்பாடம் செய்யட்டும். மனப்பாடக் கட்சிக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே.

ஜூலை 5

‘எண்ணிக்கை சரியாக வர வேண்டும், அவ்வளவுதானே? கீழே இருக்கிற குட்டி எண்ணை மாற்றினால் என்ன?’ என்று கோத்தகிரி அம்மாவின் மகள் கேட்டிருக்கிறாளாம். நல்ல கேள்வி.

ஊட்டி வர்க்கி வாங்கப் போகிறோம். எத்தனை பாக்கெட் என்பது நம் விருப்பம், ஒரு பாக்கெட்டுக்குள் எத்தனை என்பது பேக்கரிக்காரர் முடிவு. முன்னால் போடும் எண், அதாவது கெழு, பாக்கெட் கணக்கு. கீழே இருக்கிற குட்டி எண் பாக்கெட்டுக்குள் இருக்கும் கணக்கு. நீரில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டால் அது ‘சற்று அதிக ஆக்சிஜன் உள்ள நீர்’ ஆகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும், குடித்தால் வயிறு புண்ணாகும்.

ஜூலை 9

மழை, மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. கரண்ட் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

‘இரும்பு குளோரைடு’ என்று மட்டும் கேள்வியில் வந்தால் எதை எழுதுவது என்று ஒருவர் கேட்கிறார். எதனோடு வினை என்று பாருங்கள். சூடான இரும்பு மேல் குளோரின் வாயு போனால் ஃபெரிக் (இரும்பின் இணைதிறன் 3): 2 இரும்பு + 3 குளோரின் → 2 ஃபெரிக் குளோரைடு. இரும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் ஃபெரஸ் (இணைதிறன் 2): 1 இரும்பு + 2 அமிலம் → 1 ஃபெரஸ் குளோரைடு + 1 ஹைட்ரஜன். அமிலத்தில் போட்டதற்கு ஃபெரிக் என்று எழுதினாலும் 2, 6, 2, 3 என்று அழகாகச் சமனாகும். அதுதான் வம்பு. சமனாகிவிட்டது என்பதாலேயே அது நடக்கிற வினை ஆகிவிடாது. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் ஃபெரஸா ஃபெரிக்கா என்று சொல்லிவிடுவது மரியாதை.

ஜூலை 10, காலை

கேத்திப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற ஒருவருடைய மகன், பிளஸ் ஒன், நேற்று கொண்டுவந்த சந்தேகம் என்னைத் தூங்கவிடவில்லை. அதை எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

இந்த மழையில் உருளைக்கிழங்குக்கு இலைக்கருகல் நோய் வரும். அதற்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். மில்லார்டே என்ற பிரெஞ்சுக்காரர் திராட்சைக்காக 1885இல் வெளியிட்ட பழைய மருந்து அது. ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். பையன் பாடத்தில் எழுதியது:

1 காப்பர் சல்பேட் + 1 கால்சியம் ஹைட்ராக்சைடு → 1 காப்பர் ஹைட்ராக்சைடு + 1 கால்சியம் சல்பேட்

எல்லாம் ஒன்று. அப்பாவும் கிலோவுக்குக் கிலோ போடுகிறார். ‘சமன்பாடு சொல்வதைத்தானே சார் அப்பா செய்கிறார்’ என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

இல்லை. சமன்பாட்டில் இருக்கும் ஒன்று கிலோ இல்லை, மோல், அதாவது எடைக் கணக்கு இல்லை, துகள்களின் எண்ணிக்கைக் கணக்கு. மயில்துத்தம் ஐந்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும் படிகம், ஒரு மோல் சுமார் 250 கிராம். ஒரு கிலோவில் 4 மோல். நீற்றுச் சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) ஒரு மோல் 74 கிராம், 4 மோலுக்கு 296 கிராம். ஆக 300 கிராம் சுண்ணாம்பே போதும் என்கிறது சமன்பாடு. அப்பா போடுவது மூன்று மடங்குக்கு மேல்.

அப்பா வீணாக்குகிறாரா? அதுவும் இல்லை. தாமிரம் கரைந்த நிலையில் மிஞ்சினால் இலை கருகும். அது ஒரு துளியும் மிஞ்சக் கூடாது என்றால் சுண்ணாம்பு தாராளமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சுண்ணாம்பும் முழுச் சுண்ணாம்பு இல்லை, காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடைக் குடித்துப் பாதி கால்சியம் கார்பனேட் ஆகியிருக்கும். வாக்கியமாக எழுதினால், ‘காப்பர் சல்பேட் கரைசல் *அதிக அளவு* நீற்றுச் சுண்ணாம்புடன் வினைபுரிந்து’. அந்த ‘அதிக அளவு’ சமன்பாட்டுக்குள் வராது, வாளிக்குள் வரும்.

ஜூலை 10, மாலை

கத்திச் சோதனையை விட்டுவிட்டேனே என்று நினைவூட்டியவருக்கு நன்றி, சொல்லத்தான் இருந்தேன். கலவை தயாரானதும் நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியை அதில் கொஞ்ச நேரம் விட்டு எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். 1 இரும்பு + 1 காப்பர் சல்பேட் → 1 ஃபெரஸ் சல்பேட் + 1 காப்பர். இடப்பெயர்ச்சி வினைக்கு ஆணியும் பீக்கரும் வைத்துப் படம் போடுகிறோம். இங்கே பிள்ளைகள் தோட்டத்து வாளியிலேயே பார்க்கிறார்கள், பாடமும் வாளியும் ஒன்றுதான் என்று யாரும் சொல்வதில்லை. இரும்பு வாளியில் கலக்கக் கூடாது என்பதற்கும் இதே சமன்பாடுதான் காரணம்.

கண்டிப்பானவர்களுக்கு ஒரு வரி: உண்மையில் வீழ்படிவாவது (கரையாமல் அடியில் படிவது) சுத்தமான காப்பர் ஹைட்ராக்சைடு இல்லை, காரத் தன்மையுள்ள காப்பர் சல்பேட்டுகளும் கலந்திருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்பு எழுதிய சமன்பாடே போதும்.

ஜூலை 21

இடையில் எழுத முடியவில்லை. இந்துநகரிலிருந்து வரும் ஒரு மாணவியின் தாத்தா பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். சில்வர் நைட்ரேட் பட்டால் விரல் கறுத்துப் போகும், சோப்புப் போட்டாலும் போகாது, தோல் உரிந்துதான் போகும் என்று சொன்னாராம். அந்தத் தொழிலின் அடிப்படை வினையில் சமன் செய்ய ஒன்றுமே இல்லை: சில்வர் நைட்ரேட் + பொட்டாசியம் புரோமைடு → சில்வர் புரோமைடு + பொட்டாசியம் நைட்ரேட், எல்லாம் ஒன்று. ஒளி பட்டால் கறுப்பது அந்த சில்வர் புரோமைடு.

அதற்கு முந்தின படிதான் பிள்ளைகளை அழவைப்பது. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பது. வாக்கியத்தில் ‘அடர்’ என்று இருந்தால் வெளிவருவது பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு:

1 வெள்ளி + 2 நைட்ரிக் அமிலம் → 1 சில்வர் நைட்ரேட் + 1 நைட்ரஜன் டைஆக்சைடு + 1 நீர்

‘நீர்த்த’ என்று இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு:

3 வெள்ளி + 4 நைட்ரிக் அமிலம் → 3 சில்வர் நைட்ரேட் + 1 நைட்ரிக் ஆக்சைடு + 2 நீர்

ஒரே ஒரு சொல்லால் எல்லா எண்ணும் மாறுகிறது. மெக்னீசியத்தில் ‘கண்ணைக் கூசும்’ என்பதைத் தள்ளச் சொன்னேன், இங்கே ‘நீர்த்த’ என்பதைத் தள்ளினால் போச்சு. அலங்காரச் சொல் எது, வினையை மாற்றும் சொல் எது என்று பிரிப்பதற்குச் சுருக்குவழி ஏதும் என்னிடம் இல்லை. வினைகளைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது வருகிறது. ஆய்வகத்தைப் பூட்டி வைத்துவிட்டு நோட்டில் மட்டும் எழுதவைத்தால் வருவதில்லை.

3, 4 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ஆகப் போகும் நைட்ரஜனுக்கு மூன்று எலக்ட்ரான் வேண்டும். அதனால் 3 வெள்ளி. மூன்று வெள்ளிக்கும் துணையாக 3 நைட்ரேட், வாயுவாகப் போன ஒன்று, மொத்தம் 4 அமிலம். அமிலம் இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. அது தெரியாமல் தட்டுத்தடுமாறிப் போட்டால் அரை மணி நேரம் போகும்.

ஆகஸ்ட் 2

எரிதல் வினைகள் கேட்டவருக்கு. வரிசை இதுதான்: கார்பன், அப்புறம் ஹைட்ரஜன், ஆக்சிஜன் எப்போதும் கடைசி.

சிலிண்டரில் வரும் பியூட்டேனில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். 4 கார்பன் டைஆக்சைடு, 5 நீர், அதற்கு ஆக்சிஜன் அணு 13. மூலக்கூறு ஆறரை. பயப்பட வேண்டாம், அரையை அப்படியே எழுதிவிட்டு கடைசியில் முழுச் சமன்பாட்டையும் இரட்டித்தால் 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டைஆக்சைடு, 10 நீர்.

நம் ஊர்ச் சரக்கு ஒன்று. நீலகிரித் தைலத்தில் முக்கியப் பொருள் சினியோல். 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். எரித்தால் 10 கார்பன் டைஆக்சைடு, 9 நீர். வலது பக்கம் ஆக்சிஜன் 29. வகுப்பில் பெரும்பாலானோர் உடனே ‘பதினாலரை’ என்பார்கள். தைலத்துக்குள்ளேயே ஒரு ஆக்சிஜன் இருப்பது மறந்துபோகும். 29இல் அதைக் கழித்தால் 28, ஆக 14 மூலக்கூறு. இரட்டிக்கவே வேண்டாம்.

(மலையில் தைலம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம் போனால் ஜலதோஷம் வைத்தியம் இல்லாமலே விடும் என்பார்கள். எனக்கு விட்டதில்லை.)

ஆகஸ்ட் 3

நேற்றைய வரிசைக்கு ஒரு எச்சரிக்கை. அது முழுமையாக எரிந்தால் மட்டும். ‘போதிய காற்றில்லாமல்’ என்று கேள்வியில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு: 2 கார்பன் + 1 ஆக்சிஜன் → 2 கார்பன் மோனாக்சைடு. இந்தச் சொல்லை நான் வகுப்பில் குரலை உயர்த்தித்தான் சொல்வேன். டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மணம் இல்லை, நிறம் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தேர்வில் விட்டால் ஒரு மதிப்பெண்ணோடு போகும். வீட்டில் கரி அடுப்பு வைத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தூங்கும் முன் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 3, பின்னிரவு

கெழுக்களுக்கு எழுத்து வைத்து இயற்கணிதமாகத் தீர்த்தால் எல்லாமே வந்துவிடும், எதற்கு இவ்வளவு பேச்சு என்கிறார் அருவங்காட்டு பிளஸ் டூ மாணவர். வழி நல்ல வழிதான், நீளமான சமன்பாடுகளுக்கு நானே சொல்லித்தருகிறேன். அவர் ஊரில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது, அதற்கேற்ப ஒன்று: நைட்ரோகிளிசரின் சிதைவு. 3 கார்பன், 5 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 9 ஆக்சிஜன். அவர் வழியில் போட்டால் 4 → 12 கார்பன் டைஆக்சைடு, 10 நீர், 6 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். நாலு மூலக்கூறு திரவம் 29 மூலக்கூறு வாயு ஆகிறது. அது ஏன் வெடிக்கிறது என்பதில் பாதி இந்த எண்களிலேயே தெரிகிறது.

ஆனால் தம்பி, கார்பன் எரிந்து மோனாக்சைடும் டைஆக்சைடும் சேர்ந்து வரும் வினைக்கு உங்கள் எழுத்துகளை வைத்துப் பாருங்கள். கார்பன், ஆக்சிஜன், மோனாக்சைடு, டைஆக்சைடு என்ற வரிசையில் 3, 2, 2, 1 வரும். 4, 3, 2, 2 கூட வரும். இன்னும் எவ்வளவோ வரும், எல்லாமே சமன். காரணம், அங்கே நடப்பது இரண்டு வினை. எந்த விகிதத்தில் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். இயற்கணிதம் கொடுத்ததைத் தீர்க்கும், கொடுத்தது சரியா என்று கேட்காது.

ஆகஸ்ட் 17

கோத்தகிரி அம்மா, மகள் அனுப்பிய விடைகள் பார்த்தேன். பேரியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் சரி, வெண்ணிற வீழ்படிவு பேரியம் சல்பேட் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

சுண்ணாம்பு நீர்க் கேள்வியில் பாதிதான் எழுதியிருக்கிறாள். ‘கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால் பால்போல் மாறி, தொடர்ந்து செலுத்தினால் தெளிகிறது.’ அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு சமன்பாடு. முதலில் கால்சியம் கார்பனேட்டும் நீரும், அது பால். தொடர்ந்து செலுத்தினால் கார்பனேட், நீர், கார்பன் டைஆக்சைடு மூன்றும் சேர்ந்து கால்சியம் பைகார்பனேட், அது கரைந்துவிடும். இரண்டிலும் எல்லாக் கெழுவும் ஒன்றுதான். ‘தொடர்ந்து’ என்ற இடத்தில் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்ததாக இதைக் கொடுங்கள்: ‘சூடான பிளாட்டினத்தின் முன்னிலையில் அம்மோனியா ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடையும் நீராவியையும் தருகிறது.’ விடை 4, 5, 4, 6. வேறு ஏதாவது வந்தால், பிளாட்டினத்தை எங்கே உட்கார வைத்தாள் என்று முதலில் பாருங்கள்.